ஆர்டி 350: பாயின்டை வைத்துக்கொள்வதா, எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவதா?

"எஞ்சினை இறக்கி, போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டி, டேங்குக்குப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. ஆனாலும் 4,000 ஆர்.பி.எம். தாண்டினால் இடது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. பாயின்டைத் தூக்கிப் போட்டுவிட்டு சி.டி.ஐ. மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா?"

வீட்டுத் திண்ணையிலோ கார் ஷெட்டிலோ பழைய ஆர்டி 350 பைக்கை உயிர்ப்பிக்க முயலும் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. பாயின்ட் என்பது எஞ்சின் சுற்றும்போது திறந்து மூடி, பிளக்கில் பொறியைக் கிளப்பும் சின்ன ஸ்விட்ச்; கண்டன்சர் அதன் முனை கருகாமல் காப்பது; சி.டி.ஐ. அந்த வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் அமைப்பு. நானும் இங்கே ஒரு வருடம் நின்றிருக்கிறேன். மூன்று முறை பாயின்ட் மாற்றினேன், இரண்டு முறை கண்டன்சர் மாற்றினேன். கோளாறு இரண்டிலுமே இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் இடது பக்க பேரிங்கில் இருந்தது. அதனால் எந்த இக்னிஷன் நல்லது என்ற கேள்விக்குப் போவதற்கு முன்னால், மாற்ற வேண்டிய பொருள் இக்னிஷன்தானா என்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பேன். அதைச் செய்யாமல் எதை மாட்டினாலும் காசு வீண். சில சமயம் பிஸ்டனும் போகும்.

## இந்த வண்டியில் தீப்பொறி எப்படி வருகிறது

யமஹா 1973-ல் கொண்டுவந்த ஆர்டி 350-ஐ, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இங்கே ராஜ்தூத் 350 என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்தது 30.5 குதிரைத்திறன் தந்த ஹெச்.டி. (ஹை டார்க்); பிறகு மைலேஜுக்காக அடக்கப்பட்டு 27 குதிரைத்திறனோடு வந்தது எல்.டி. (லோ டார்க்). சோழவரம் பந்தயங்களில் இந்த வண்டி ஓடியதைப் பார்த்தவர்கள் அந்தச் சத்தத்தை இன்றும் பேசுகிறார்கள்.

நமக்கு இப்போது தேவை வேறு விவரம். இது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு எஞ்சின். கிராங்க் 180 டிகிரி. ஒரு பிஸ்டன் மேலே வரும்போது மற்றது கீழே இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பாயின்ட், தனி கண்டன்சர், பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜைத் தரும் தனி காயில். இடது பக்க மூடியைக் கழற்றினால் ஆல்டர்னேட்டரும், அதற்கு வெளியே கிராங்க் நுனியில் பாயின்டைத் திறந்து மூடும் கேமும், அதைச் சுற்றி இரண்டு பாயின்ட்டும் தெரியும்.

இதில் வேகத்துக்கு ஏற்பப் பொறியை முந்தவோ பிந்தவோ வைக்கும், அதாவது அட்வான்ஸ் ஏற்றி இறக்கும், எந்த அமைப்பும் கிடையாது. கிக்கர் உதைக்கும்போதும் சரி, 7,000 ஆர்.பி.எம்.மில் பறக்கும்போதும் சரி, பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. கீழே இருக்கும்போது பொறி விழ வேண்டும்; இந்த நேரக்கணக்குதான் டைமிங். இந்த எஞ்சினின் 54 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு அது ஏறக்குறைய 20 டிகிரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் 0.1 மி.மீ. பிசகு என்பது அரை டிகிரி. இரண்டு சிலிண்டருக்கும் இடையே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வந்துவிட்டால் ஒன்று சூடேறும், மற்றது சோம்பும். வண்டி ஓடும்; ஆனால் ஹேண்டில்பாரில் கை மரத்துப்போகும்.

## எதையும் வாங்குவதற்கு முன் மூன்று சோதனை

கிராங்க் ஆட்டம். கிராங்கைச் சுற்றி, பாயின்ட் திறக்கும் விளிம்பில் நிறுத்துங்கள். பாயின்ட் வயருக்கும் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் நடுவே காயிலை விலக்கிவிட்டு ஒரு சிறிய 12 வோல்ட் பல்பை மாட்டினால், மூடியிருக்கும்போது எரியும், திறந்ததும் அணையும். அணையும் விளிம்பில் கிராங்கை அப்படியே வைத்துக்கொண்டு, கிராங்க் நுனியில் இருக்கும் ரோட்டாரை (ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகம்) கையால் மேலும் கீழும் அழுத்துங்கள், சுற்றாதீர்கள். பல்பு கண் சிமிட்டினால் மெயின் பேரிங் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கிராங்க் நுனி ஆடுகிற ஆட்டத்தை பாயின்ட் அப்படியே டைமிங்காக மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் எவ்வளவு கவனமாக டைமிங் வைத்தாலும் ரோட்டில் அது நிற்காது. கிராங்கைப் பிரித்து பேரிங் மாற்றி, மீண்டும் பிரஸ் செய்து நேராக்குவது வீட்டு வேலை அல்ல. டூ ஸ்ட்ரோக் கிராங்க் செய்து பழகிய லேத்துக்குத்தான் போக வேண்டும்.

சீல். ஆர்டியில் கிராங்கின் இரண்டு ஓரத்திலும் ஆயில் சீல் உண்டு. வலது சீல் போனால் கிளட்ச் பக்கத்து கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும். சைலன்சரில் வெள்ளைப் புகை அடர்ந்து வரும், கியர் ஆயில் காணாமல் போகும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். இடது சீல் போவதுதான் ஆபத்து. அந்தப் பக்கம் உலர்ந்த ஆல்டர்னேட்டர் அறை. புகை வராது, எண்ணெய் ஒழுகாது. காற்று மட்டும் உள்ளே போகும். இடது சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்த கலவை போய்ச் சேரும். ஐடிலிங் ஏறி இறங்காமல் தொங்கும், இடது பக்கம் மிஸ் அடிக்கும். பார்ப்பவர் எல்லாரும் பாயின்ட் என்பார்கள்.

இதற்கு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் தகடு வைத்து அடையுங்கள், ஒரு கார்புரேட்டர் வாயை ரப்பர் கட்டையால் அடையுங்கள், மற்றதில் ஒரு டியூபைச் செருகி ஊதுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அடைப்பதற்குக் காரணம் உண்டு: கிராங்கின் நடுவில் இரண்டு சிலிண்டர் அறைகளைப் பிரிக்கும் லேபிரிந்த் சீல் முழுக்கக் காற்றை அடைக்காது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்லக் கசியும். 6 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி 6 நிமிடம் நிற்கிறதா பாருங்கள் என்பது பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்களின் கணக்கு. அதற்கென்று கேஜ் தேட வேண்டாம். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய டயல் கருவியும் அதன் ரப்பர் பந்தும் போதும். அதன் 300 என்ற கோடு கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எங்கே என்று தேடுங்கள்.

சார்ஜிங். இந்த ஆல்டர்னேட்டரின் ரோட்டாரில் நிலைக்காந்தம் இல்லை. கார்பன் பிரஷ், ஸ்லிப் ரிங் வழியாக பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்த்தான் ரோட்டார் காந்தமாகிறது. ரோட்டார் சுருளின் மின்தடை சுமார் 5 ஓம் இருக்க வேண்டும். பிரஷ் தேய்ந்தோ, சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் தொடுமுனை கருகியோ இருந்தால் பேட்டரி மெல்ல மெல்ல வடியும், ஹெட்லைட் போட்டதும் பொறி பலவீனமாகும். இரவில் மட்டும் மிஸ் அடிக்கும் ஆர்டிகளில் நான் பார்த்தவரை இதுதான் காரணம். எஞ்சினை 3,000-த்தில் வைத்து பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி வரவில்லையென்றால் அதை முதலில் சரி செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். பாயின்ட் மூடிய நிலையில் சாவியை ஆன் செய்து விட்டுவிட்டால், சுமார் 4 ஓம் உள்ள காயில் 3 ஆம்பியர் இழுக்கும். ரோட்டார் சுருள் 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டியில் இருப்பதோ 5.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. ஒரு மணி நேரம் சாவியைப் போட்டபடி டைமிங் பார்த்துவிட்டு, "புது பேட்டரியும் போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. டைமிங் பார்க்கும்போது சாவியை அணைத்துவிட்டு, பல்புக்கு வெளியிலிருந்து தனி பேட்டரி கொடுங்கள்.

மூன்றும் தேறிய பிறகுதான் கீழே உள்ள ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்வி கேட்பேன். வைத்த டைமிங் எவ்வளவு நாள் நிற்கும்? திண்டிவனம் பைபாஸில் இரவு எட்டு மணிக்கு வண்டி நின்றால் கையில் இருப்பதை வைத்துக் கிளப்ப முடியுமா? பேட்டரி பலவீனமானால் என்ன ஆகும்? பெட்டிக்கு மேல் ஒட்டியிருக்கும் விலையைத் தாண்டி வேறு என்ன செலவு? நாளைக்கு மனம் மாறினால் பழையபடி திரும்ப முடியுமா?

வேகம், பிக்கப் இவற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சரியாக டைமிங் வைத்த பாயின்ட்டுக்கும் எலக்ட்ரானிக்குக்கும் இந்த எஞ்சினில் நீங்கள் உணரக்கூடிய சக்தி வித்தியாசம் மிகச் சிறியது. மாற்றியதும் "வண்டி பறக்கிறது" என்றால், முன்பு டைமிங் தப்பாக இருந்தது என்று அர்த்தம்.

## முதல் வழி: பாயின்டையே ஒழுங்காகப் புதுப்பிப்பது

புது பாயின்ட் இரண்டு, கண்டன்சர் இரண்டு, கேமைத் துடைக்கும் ஃபெல்ட்டில் துளி கிரீஸ். இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒழுங்காகச் செய்ய ஒரு டயல் கேஜும், அதைப் பிளக் துளையில் பொருத்தும் 14 மி.மீ. அடாப்டரும் வேண்டும். இவை இல்லாமல் ஸ்க்ரூடிரைவரைப் பிளக் துளையில் விட்டு உச்சியைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இந்த வண்டிக்கு உதவாது. உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாதது போலவே இருக்கும்.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு பாயின்டையும் அதிகபட்சம் திறந்த நிலையில் ஃபீலர் கேஜால் 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வையுங்கள், நான் 0.35 வைக்கிறேன். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் இதைப் பிறகு தொடக்கூடாது. அதன்பின் டயல் கேஜில் உச்சியைப் பூஜ்யமாக்கி, நன்றாகப் பின்னால் போய், எஞ்சின் ஓடும் திசையிலேயே 2.0-க்கு வந்து நில்லுங்கள். அந்தக் கணத்தில் பல்பு அணைய வேண்டும். தாண்டிவிட்டால் அங்கேயே பின்னோக்கித் திருத்தாமல் மறுபடி பின்னால் போய் வர வேண்டும். ஒரு சிலிண்டர் முடிந்ததும் மற்றது. இரண்டும் முடிந்ததும் முதலாவதைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும்.

டைமிங் ஏன் கலைகிறது? கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய பாயின்ட் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் தாமதமாகத் திறக்கும், டைமிங் ரிடார்ட் ஆகும் (பொறி பிந்தும்). நல்லவேளையாக இது ஆபத்தில்லாத திசை. பொறி முந்தினால்தான் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் பயம். பாயின்ட் தேய்ந்தால் வண்டி சோம்பலாகி உங்களுக்குச் சொல்லிவிடும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு, பொருளின் தரம். சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் தேடினால் ஆர்டி பாயின்ட் கிடைக்காமல் போகாது; ஆனால் மலிவான நகல்களில் ஃபைபர் மெழுகு மாதிரித் தேயும். பல ஆண்டு அலமாரியில் கிடந்த அசல் கண்டன்சர் பெட்டியோடு கிடைத்தாலும் அதை நம்பி வெளியூர் போகாதீர்கள். உள்ளே இருக்கும் காப்பு வயதாகிப் போயிருக்கும். சுமார் 0.22 மைக்ரோஃபாரட் உள்ள நல்ல புதுக் கண்டன்சர் எந்த வண்டியுடையதாக இருந்தாலும் மின்சாரத்துக்குத் தெரியாது. பொருத்தும் கிளிப்பை மட்டும் நீங்கள் செய்துகொள்ள வேண்டும். பாயின்ட் முனை நீலம் பாய்ந்து கருகுகிறதா, ஒரு முனையில் மேடும் மறுமுனையில் குழியும் விழுகிறதா என்று பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் கண்டன்சர்.

வழியில் நின்றால் இதைப்போல் கைகொடுப்பது வேறு கிடையாது. ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு உபரி கண்டன்சர், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பாயின்ட் தெரியும். பேட்டரி இறங்கியிருந்தாலும் பாயின்ட் ஓரளவு மங்கலான பொறியைத் தந்துகொண்டே இருக்கும். வீடு வந்து சேரலாம்.

இரண்டாம் வழிக்குப் போகுமுன் ஒரு நடுவழி. பாயின்ட் அப்படியே இருக்க, காயில் மின்னோட்டத்தை ஒரு டிரான்சிஸ்டர் சுமக்கும்படி செய்யலாம். பாயின்ட் வழியாகச் சொற்ப மின்னோட்டமே போகும், முனை கருகவே கருகாது, கண்டன்சரும் தேவையில்லை. எலக்ட்ரானிக்ஸ் கைப்பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்துகொள்வார்கள். பெட்டி செத்தால் வயரைப் பழைய இடத்தில் மாட்டினால் போதும். கண்டன்சரை மட்டும் கழற்றாமல் அருகிலேயே விட்டு வையுங்கள். ஃபைபர் தேய்வதை இது தடுக்காது. கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தரும் மாற்றம் இந்த வண்டியில் வேறு இல்லை என்பது என் கருத்து.

## இரண்டாம் வழி: பாயின்ட் இடத்தில் எலக்ட்ரானிக் ட்ரிகர்

பாயின்ட் தகட்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இரண்டு சென்சார் உள்ள தகடு. கேம் இருந்த இடத்தில் காந்தம் பதித்த சிறு சக்கரம். சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. பேட்டரி, சார்ஜிங், பெரும்பாலும் காயிலும் பழையதுதான்.

உரசும் பாகம் இல்லாததால் வைத்த டைமிங் நகராது. இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான இணக்கம் அப்படியே நிற்கும். சில பெட்டிகள் கிக்கர் வேகத்தில் பொறியைத் தாமதித்துத் தருகின்றன. காலை எடுத்தெறியும் உதை குறையும், ஐடிலிங் மிருதுவாகும். தினமும் ஓட்டுபவருக்கு இது உண்மையான வசதி.

மறைந்திருக்கும் செலவுகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியோடு வரும் காகிதத்தில் இவை பொடி எழுத்தில்தான் இருக்கும். பெட்டி எதிர்பார்க்கும் காயில் மின்தடைக்கும் உங்கள் காயிலுக்கும் பொருந்த வேண்டும். குறைந்த ஓம் உள்ள "பவர்" காயிலை மாட்டினால் பெட்டி சூடேறிச் சாகும். ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் வாங்க வேண்டும். 5 கிலோ ஓம் கேப் இல்லாமல் வெறும் செம்பு வயரோடு ஓட்டினால் பொறியின் மின் இரைச்சல் பெட்டியைக் குழப்பும். நாற்பது வருடப் பழைய வயரிங்கின் எர்த் இணைப்புகளை எல்லாம் சுரண்டிப் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் பேட்டரி. பாயின்ட் மங்கலாகவாவது பொறி தரும் என்றேன். எலக்ட்ரானிக் பெட்டியோ, வோல்ட்டேஜ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் தாறுமாறாக அடிக்கும் அல்லது மொத்தமாக நின்றுவிடும். ஆகவே நல்ல சார்ஜிங் இல்லாத வண்டியில் இது பாயின்டைவிட மோசமாக நடந்துகொள்ளும். அந்த மெக்கானிக்கல் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைக்கும் செலவையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. பாயின்ட் கிராங்க் ஆட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். காந்தமும் சென்சாரும் அந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். பேரிங் போன எஞ்சினில் இதை மாட்டினால் மிஸ் அடிப்பது மாயமாக நின்றுவிடும். நோயின் வலி போய் நோய் இருக்கும். என் கண்முன் ஒரு வண்டி அப்படிப் போனது. பாயின்டை எடுத்துவிட்டு ட்ரிகர் மாட்டினார்கள், சில மாதம் அற்புதமாக ஓடியது. கிராங்க் ஆடியதில் இடது சீல் கிழிந்து, காற்று இழுத்து, இடது பிஸ்டனின் தலை உருகியது. பொறி கடைசி வரை சரியான நேரத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

இந்த வழியில் போகிறவர்கள் பழைய பாயின்ட் தகட்டைத் தூக்கி எறியாதீர்கள். டைமிங் வைத்த நிலையிலேயே, தகட்டுக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறி அடையாளம் வைத்து, கேமோடும் கண்டன்சரோடும் துணியில் சுற்றி டூல் பாக்ஸில் வையுங்கள். பெட்டி செத்தால் அரை மணியில் மாற்றிவிட்டுக் கிளம்பலாம். அடையாளக் கோட்டில் வைத்து வீடு வந்ததும் டயல் கேஜில் ஒருமுறை சரிபாருங்கள்.

## மூன்றாம் வழி: ஆல்டர்னேட்டரோடு சேர்த்து முழு சி.டி.ஐ.

பழைய ரோட்டார், பிரஷ், ரெகுலேட்டர், பாயின்ட், காயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு, நிலைக்காந்த ரோட்டாரும் புதுச் சுருள்களும் புதுப் பெட்டியும் மாட்டுவது. ஐரோப்பாவிலிருந்து வரவழைக்கக்கூடிய தொகுதிகள் உண்டு. இதில் பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை எஞ்சினே தருகிறது. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் வண்டி கிளம்பும். ஹெட்லைட் வெளிச்சமும் நிலைக்கும்.

சி.டி.ஐ. பொறி மின்னல் வேகத்தில் ஏறி சட்டென்று முடியும். ஆயில் படிந்த பிளக்கிலும் பாயும் என்பதால் டூ ஸ்ட்ரோக்குக்குப் பிடித்த குணம் அது. பாயின்ட்-காயில் பொறி மெதுவாக ஏறினாலும் நீண்ட நேரம் நிற்கும். ஊருக்குள் மெதுவாக ஓட்டி பிளக் கறுத்துப்போகும் வண்டிக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

செலவு? பொருளின் விலை, கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்ந்தால் உங்கள் போர், பிஸ்டன் வேலையை அனாயாசமாகத் தாண்டும். பழைய ரோட்டாரைக் கழற்ற சரியான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டியவர்கள் கிராங்கைத்தான் வளைத்தார்கள். புது ரோட்டாரின் எடை மாறினால் எஞ்சினின் குணமும் மாறும். இலேசானது சீக்கிரம் ஏறும், ஐடிலிங்கில் தடுமாறும். கார்புரேட்டரை மறுபடி சரி செய்ய வேண்டும். பெட்டி ஒன்று செத்தால் அடுத்தது வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும்.

உள்ளூரில் இன்னொன்றும் செய்கிறார்கள்: வேறு சிங்கிள் சிலிண்டர் வண்டிகளின் சி.டி.ஐ. பெட்டி இரண்டைச் சேர்த்து, மேக்னட்டைக் கடைந்து பொருத்துவது. திறமையான கைகள் செய்தால் ஓடும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அட்வான்ஸ் கணக்கு வேறொரு எஞ்சினுக்காக எழுதியது. உயர் ஆர்.பி.எம்.மில் பொறி எங்கே விழுகிறது என்று டைமிங் லைட் போட்டுக் காட்டாத ஆளிடம் இதைச் செய்துகொள்ளாதீர்கள். ஐடிலிங்கில் சரியாக இருப்பது போதாது. பிஸ்டன் ஓட்டையாவது 6,000-க்கு மேலேதான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பாயின்ட் | எலக்ட்ரானிக் ட்ரிகர் | முழு சி.டி.ஐ. |
|---|---|---|---|
| டைமிங் நிலைப்பு | மெல்ல ரிடார்ட் ஆகும். அவ்வப்போது பார்க்க வேண்டும் | நகராது | நகராது |
| கிராங்க் ஆட்டம் | உடனே காட்டிக்கொடுக்கும் | மறைக்கும் | மறைக்கும் |
| பேட்டரி பலவீனமானால் | தள்ளாடியபடி ஓடும் | நின்றுவிடும் | பாதிப்பில்லை |
| வழியில் பழுது | எங்கும் சரி செய்யலாம் | பழைய தகடு கையில் இருந்தால் மட்டும் | இழுத்துத்தான் வர வேண்டும் |
| மறைந்த செலவு | தரமற்ற நகல், டயல் கேஜ் | காயில், கேப், ரெகுலேட்டர், வயரிங் | வரி, புல்லர், கார்புரேட்டர் மறு டியூனிங் |
| பழையபடி திரும்ப | தேவையில்லை | அரை மணி நேரம் | ஒரு நாள். பழைய பாகம் பத்திரமாக இருந்தால் |

## யாருக்கு எது

எஞ்சின், சேஸிஸ் எண்கள் பொருந்திய ஹெச்.டி. வண்டி, அசல் பாகங்களோடு கையில் இருந்தால் பாயின்ட்தான். சந்தேகமே வேண்டாம். அப்படிப்பட்ட வண்டியை வாங்க வருபவர் இடது மூடியைக் கழற்றிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை மகாபலிபுரம் வரை போய் வருகிறவருக்கும் பாயின்ட்டே போதும், விரும்பினால் அந்த டிரான்சிஸ்டர் உதவியோடு.

வாரத்தில் நான்கு நாள் வேலைக்கு ஓட்டுகிறீர்கள், கிராங்க் புதிதாகச் செய்தது, சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்றால் எலக்ட்ரானிக் ட்ரிகர் உங்களுக்கு. மூன்று சோதனையில் ஒன்று தேறாவிட்டாலும் இதைத் தள்ளிப்போடுங்கள்.

முழு சி.டி.ஐ.யை நான் ஒரே நிலைமையில்தான் சொல்வேன்: ரோட்டார் சுருள் அறுந்துபோய், ஸ்லிப் ரிங் தேய்ந்து, ரெகுலேட்டரும் போய், எப்படியும் சார்ஜிங் முழுவதையும் புதிதாக்க வேண்டிய வண்டி. பழைய பாகங்களைத் தனித்தனியாகத் தேடி அலையும் செலவைக் கூட்டிப் பாருங்கள். அப்போது இது அவ்வளவு விலையாகத் தெரியாது. டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கும் பொருந்தும்.

கையில் பணம் குறைவு, கிராங்கா இக்னிஷனா என்று ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், கிராங்கைச் செய்யுங்கள். பழைய பாயின்ட்டோடு நல்ல கிராங்க் பல்லாயிரம் கிலோமீட்டர் போகும்.

## மாட்டிய பிறகு

எந்த வழியானாலும் இக்னிஷன் முடிந்த பிறகுதான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் எழும்புகிறதா என்று விரலை உள்ளே வைத்துப் பாருங்கள். எஞ்சினுக்கு ஆயில் ஊட்டும் ஆட்டோலூப் பம்பின் கேபிளும் அதே த்ராட்டிலில் இருந்துதான் போகிறது என்பதால் அதன் அடையாளக் கோட்டையும் அப்போதே சரிபாருங்கள். கார்புரேட்டரை மட்டும் சரி செய்து பம்பை மறந்ததால் சீஸ் ஆன எஞ்சின்கள் நிறைய.

பிறகு இரண்டு பக்கமும் புது பி8ஹெச்எஸ் பிளக் மாட்டி, இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. வைத்து, பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கிளட்ச் பிடித்து, சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று வெளுத்திருந்தால் வீடு திரும்பும்போது 3,000-க்கு மேல் ஏற்றாதீர்கள். மறுநாள் அந்தப் பக்க சீலில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.